மூக்கைப் பிடித்து ஊதிய சங்கு

கேந்திரபாடா பக்கத்து ஜேமாமணிக்குக் கைக்குழந்தையிலேயே கட்டாக்கில் பிளந்த உதட்டைத் தைத்துவிட்டார்கள். ஒரு வயதானதும் அண்ணத்தையும் மூடக் கூட்டிவரச் சொன்னார்கள். முகம்தான் முழுசாகிவிட்டதே, வாய்க்குள் இருக்கும் ஓட்டையை எவன் எட்டிப் பார்க்கப்போகிறான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டை பேச்சில் தெரியும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கல்யாண வயதில் இப்போது அறுவை செய்தாலும் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு வர வேண்டும் என்கிறார் டாக்டர். வாராவாரம் கட்டாக்குக்கு யார் கூட்டிப்போவது?

ஜேமா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அது வழியே காற்று கசியாது, சொல்லும் தெளிவாக வரும். அந்தியில் துளசி மாடத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அப்படித்தான் சங்கு ஊதுவாள். தெருக்கோடிவரை கேட்கும்.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா குந்தலா கண்டிப்பாகச் சொன்னாள். "கேட்டதுக்குத் தலைய ஆட்டு, போதும். மூக்குல மட்டும் கை வெச்சிராத."

"சொல்லிட்டா என்னம்மா? பின்னால தெரியத்தான போவுது."

"வகிட்டுல குங்குமம் ஏறட்டும், அப்புறம் தெரியட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா அதிரசம் மாதிரியான அரிசா பிட்டாவை ருசித்துத் தின்றாள். "பொண்ணு எவ்ளோ அடக்கம் பாருங்க. எங்க வீட்டு வாயாடிங்களுக்கு நடுவுல இப்படி ஒருத்திதான் வேணும்."

ஜேமாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"இருட்டப்போகுதே. எங்க மருமகளே சங்கு ஊதட்டும், கேட்டுட்டுக் கிளம்பறோம்."

சங்கை எடுத்ததும் இடது கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. அம்மா முறைத்தாள். கை இறங்கிவிட்டது. ஊதினாள். புஸ்ஸென்று மூக்கு வழியே காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். அதுவேதான்.

"ஜலதோஷம்" என்றாள் குந்தலா. வந்தவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வீட்டின் பின்னாலிருந்து நீளமாக ஒரு சங்கு கேட்டது. அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தங்கை சஸ்மிதா பக்கத்து வீட்டுச் சங்கை வாங்கி ஊதியிருக்கிறாள், பாவி.

"யாரு அது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க சின்னவ" என்றார் அப்பா, வெள்ளந்தியாக.

அடுத்த வாரம் சேதி வந்தது, சின்னவளைக் கேட்டு. சஸ்மிதா மாட்டவே மாட்டேன் என்று அழுதாள். குந்தலா பெரியவளிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீ வாய் தொறந்து சரின்னு சொன்னாத்தான் அவ சம்மதிப்பாளாம். சொல்லுடி, ஜேமா."

ஜேமாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்மாவைப் பார்த்தபடியே மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி."

அந்த வார்த்தை மட்டும் சுத்தமாக வந்தது.