பாதி பார்த்த துண்டு

அந்த ஆலையின் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பாலிஷ் அக்கா'. உலைக் குழாய்களிலிருந்து வெட்டி வரும் எவர்சில்வர் துண்டுகளைக் கண்ணாடிபோலத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, குழாய் தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடங்களாக வேலை. உலையில் ஃபிட்டராக இருந்த அவள் தம்பி, "எங்க அக்கா மூஞ்சி பாக்கறதுக்கே சம்பளம் வாங்குது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். ஆனால் குழாயில் கை வைக்குமுன் அவள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

வருடக்கணக்கில் தணலில் கிடந்த எவர்சில்வர் பொல்லாதது. வெளியே ஒரு கீறல் தெரியாது. உள்ளே பொடிப்பொடியாக முறுகல் மணிகள் விளைந்திருக்கும். சூட்டில் இருக்கும்வரை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. ஆறிய பிறகு ஓங்கித் தட்டினால் படாரென்று உடையும். அதனால் துண்டை முதலில் அமிலத்திலும் பிறகு காரக் கரைசலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அமிலம் வெறும் கோடுகளைத்தான் காட்டும். கரைசல் பட்டால்தான் மணிகள் செம்பழுப்பாகத் தெரியும்.

அந்த வாரம் கரைசல் தீர்ந்துபோயிருந்தது. உலையை நிறுத்தி ஆறவைத்தாயிற்று, பழுது பார்க்க நாலே நாள். மேலாளர் வாசலை விட்டு நகரவில்லை.

"கடினச் சோதனையில நம்பர் நல்லா ஏறியிருக்கேம்மா. அப்புறம் என்ன?"

கடினம் ஏறியதுதான் கேடு, உள்ளே மணிகள் விளைந்ததற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், பதினொரு வருடம் தாங்கிய குழாய்தானே என்று, அமிலத்தில் பார்த்ததை மட்டும் வைத்து 'பழுதில்லை' என்று கையெழுத்துப் போட்டாள். பாவி, போட்டாளே!

மறுநாள் காலை கரைசல் வந்து சேர்ந்தது. மனசு கேட்காமல் அதே துண்டை எடுத்து அதில் வைத்தாள். மைக்ரோஸ்கோப்பில் கோட்டுக்குக் கோடு செம்பழுப்பு அப்பிக்கிடந்தது. உலைப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் ஓடினாள். பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. இறுகிய இணைப்பைக் கழற்ற, தம்பி சம்மட்டியால் ஒரே அடிதான் அடித்தானாம். குழாய் வளைவில் ஒடிந்து அவன் மேலேயே விழுந்திருந்தது.

தம்பி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், அவன் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா பாத்தாச்சு, பயமில்லைன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்க நல்லாப் பாத்தீங்கதானே அண்ணி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"பாதிதாம்மா பாத்தேன்."

தம்பி மனைவி பிடித்திருந்த கையை விட்டாள்.