அப்பா சாய்த்த ஐந்து உருவங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அப்பாவைச் சிரித்த முகத்தோடு அறிந்தவர்கள். மகளாக நான் அறிந்த அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா தமிழ்நாட்டில், காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னையில் ஓவியமும் சிற்பமும் படித்துவிட்டு, கண்டியில் ஒரு கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச வந்த குழுவோடு இருபத்தாறு வயதில் இங்கே வந்தார். மூன்று மாத வேலை. அந்தக் குழுவுக்குச் சாப்பாடு கொடுத்த கடைக்காரரின் மகள்தான் எங்கள் அம்மா. வேலை முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அப்பா தங்கிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஆண்டுதோறும் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. கொழும்புக்குப் போகும் நாள் நெருங்கினால், இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அப்பா பயப்படுவார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவார். அம்மாதான் கடிதத்தை வாங்கிப் பிரிப்பார்.

“வெளிய வாங்க, கரண்ட் பில்லுதான் வந்திருக்கு” என்று அம்மா சொன்ன பிறகே அவர் முகம் தெரியும். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளி விட்டு வந்தால், வாசலில் அப்பாவின் செருப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கண்டிக்கு அருகே கடுகண்ணாவையில், மேட்டில் இருந்த எங்கள் வீட்டில் குடியேறி, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். அயலில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. கோபுரத்துப் பொம்மைகளில் பழகிய கை, தன் சொந்த வேலையில் கண், மூக்கு எதையும் வைக்கவில்லை. பழைய இரும்புக் கம்பி, கருங்கல் துண்டு, சீமெந்து ஆகியவற்றைச் சேர்த்து, நீண்ட கழுத்தும் வளைந்த முதுகுமாக உருவங்கள் செய்தார். ஓவியங்களிலும் அதே முகமில்லாத மனிதர்கள், சாம்பலிலும் செங்காவியிலும்.

“இவங்கெல்லாம் யாரு?” என்று மாமா ஒருமுறை கேட்டார்.

“கியூவுல நிக்கிறவங்க” என்றார் அப்பா. எந்தக் கியூ என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

அவருடைய பெரிய வேலை, முற்றத்தின் விளிம்பில் நின்ற ஐந்து உருவங்கள். ஒவ்வொன்றும் ஆளை விட உயரம். ஆறு ஆண்டு உழைப்பு. கொழும்பில் ஒரு காட்சிக்கூடம் அவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அறுபதைத் தாண்டிய அப்பாவுக்கு அது முதல் பெரிய வாய்ப்பு. அப்போது பிடித்திருந்த அடைமழை விட்டதும் லொறி வருவதாக இருந்தது.

மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் தேநீர் கொண்டுபோனபோது அப்பா முற்றத்தில் குனிந்து நின்றார். வீட்டுக்கும் உருவங்களுக்கும் நடுவே நிலம் நீளமாக வெடித்திருந்தது. காலையில் விரல் போகும் அகலம். மதியத்தில் முழங்கை போனது.

மேட்டின் அடியில் நஸீராவின் வீடு. படுக்கையில் கிடந்த மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவர் அங்கே இருந்தார். கீழ்ப் பாதையை மண் மூடிவிட்டதால், வெளியேற ஒரே வழி எங்கள் முற்றத்துக்கு ஏறிவரும் படிகள். அவை அந்த ஐந்து உருவங்களுக்கு நேர் கீழே இருந்தன.

நஸீரா கீழிருந்து கூப்பிட்டார். “மாஸ்டர், மாமிய கதிரையில வெச்சுத் தூக்க ஆள் வந்திரிக்கி. மேல பாத்தா பயமா இரிக்கி. அது உழுமா?”

அப்பா ஐந்து உருவங்களையும் திரும்பிப் பார்த்தார். பிறகு, “விழும்மா. கொஞ்சம் பொறுங்க, எடுத்துர்றேன்” என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்தார். “ஏங்க, அந்தப் பக்கம் போகாதீங்க. மண்ணு போகுது.”

“சங்கிலிய எங்க கட்டணும்னு எனக்குத்தான் தெரியும்.” சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டார். வெடிப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார்.

கல் தூக்கும் கப்பிச் சங்கிலியின் மறுமுனையை வீட்டுப் பக்கம் நின்ற பலா மரத்தில் கட்டி, நானும் அயலவர் இருவரும் இழுத்தோம். முதல் உருவம் முற்றத்தின் உட்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கழுத்து முறிந்து உருண்டது. அந்த அதிர்வு என் பாதத்தில் ஏறியது. அப்பா கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவதைக் கட்டினார். நான்காவதைக் கட்டும்போது அவர் கால் மண்ணுக்குள் இறங்கியது.

“அப்பா, போதும், வாங்க!” என்று கத்தினேன்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. நீ இழு.”

ஐந்தாவதும் விழுந்த பிறகு வெடிப்பின் மேல் தவழ்ந்து வந்தார். அதன் பின்னரே நான்கு பேர் மாமியாரைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். பிள்ளைகளோடு நஸீரா கடைசியாக ஏறினார். அரை மணித்தியாலம் கழித்து முற்றத்தின் விளிம்பு சரிந்தது. நஸீராவின் சமையலறைச் சுவர் உடைந்து, வீட்டுக்குள் இடுப்பளவு மண் நின்றது. உள்ளே யாரும் இல்லை.

எங்கள் முன்னறையில் படுத்திருந்த மாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, “மாஸ்டர், உங்கட சாமானெல்லாம் ஒடஞ்சி போச்சே” என்றார்.

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு, அப்பா எல்லோர் முன்னாலும் அழுதார்.

லொறி வரவே இல்லை. உடைந்தவற்றை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதன் பிறகு சிற்பம் செய்யவில்லை. சிறு ஓவியங்கள் மட்டும் வரைந்தார். பல ஆண்டுக் கல் தூசியும் சீமெந்துத் தூசியும் நுரையீரலைக் கெடுத்திருந்தன. கடைசி வாரம் பேராதனை ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு இருந்தார்.

“பயமா இருக்கும்மா” என்றார் ஒரு மாலையில்.

நான் உண்மையைச் சொன்னேன். “எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா.”

அவர் கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டார். “அப்போ இங்க வந்து உட்காரு.” மூன்றாம் நாள் அவர் போகும்போதும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்த தாதிமாருக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய நஸீராவுக்கும், சேறாகிக் கிடந்த பாதையில் பாடையைத் தோளில் சுமந்த அயலவர்களுக்கும், காரைக்குடியிலிருந்து வர முடியாமல் தொலைபேசியில் எங்களோடு அழுத உறவுகளுக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மேட்டில் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் தங்கள் நிலத்தில் வெடிப்பைக் கண்டால், அந்தப் பயத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அப்பாவுக்காக அதைச் செய்யுங்கள்.

மகள்