மச்சான் குடித்த உப்புத் தண்ணீர்

முதல் அறிகுறி தலைவலிதான். குரங்கணியில் எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தபோது, யாரோ பின்மண்டையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. திட்ட ஆள் கிடைக்காத கோபத்திலேயே விழுந்தேன்.

மதுரையில், நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தேன். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. வெடித்த குழாயை அடைத்துவிட்டார்கள். ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, பேச்சே போய்விடலாம் என்றார் மருத்துவர்.

அதனால் என் நீர்ச் சமநிலையை (உள்ளே போகும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வித்தியாசம்) ஓயாமல் பார்த்தார்கள். கட்டிலோடு சேர்த்து எடை போட்டார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். கால்கள் இரண்டையும் தூக்கிப் பிடித்து, ரத்த ஓட்டம் கூடுகிறதா என்று திரையைப் பார்த்தார்கள். மானம் மரியாதையெல்லாம் செருப்போடு வாசலில் கிடந்தது.

தலைமாட்டில் நான் குடிக்க ஒரு ஜாடி நிறைய உப்புக் கரைசல். அதில் குறைந்த அளவை நர்ஸ் என் பெயரில் எழுதிக்கொள்வார். என்னைப் பார்க்க வருபவர் என் மச்சான், மனைவி செல்வியின் அண்ணன். ஸ்டோரில் காய் உலர்த்துவது அவர்தான். ஈரத்தை விரட்டுவதே பிழைப்பு. ரொம்பப் பொறுப்பான மனிதர், அதுதான் சிக்கல்.

எனக்கு நாக்கு குழற ஆரம்பித்தது. செல்வி என்று கூப்பிட்டால் வேறு என்னவோ வந்தது. நிஜமாகவே பயந்துபோனேன். தாளில் நான் குடம் குடமாகக் குடித்திருந்தேன். எடையோ இறங்கியது, நாக்கு காய்ந்தது. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நர்ஸ்தான் பிடித்தார். "டாக்டர், இந்த அண்ணன் வந்துட்டுப் போறப்பல்லாம் பாத்ரூம் எங்கன்னு கேக்குறாரு."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "தலையில நீர் சேரலாம்னு நீங்கதானய்யா சொன்னீக. மாப்ளைக்கு நீர் கோத்துக்கிட்டா என்ன பண்றது? கீழ ஊத்துனா வைவாகன்னு, அவரு அசந்த நேரமாப் பாத்து நானே குடிச்சுட்டேன். ஒரே கரிப்பு."

எங்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் திரிந்தால் நீர் கோத்துக்கொள்ளும் என்பார்கள். மருத்துவர் சொன்னது மூளைக்குள்ளேயே ஊறும் திரவத்தை.

"அது வேற, இது வேறங்க. இவருக்கு உப்பும் நீரும் சிறுநீர்லயே போயிட்டிருக்கு. அதை ஈடுகட்டத்தான் இந்த ஜாடி," என்றார் மருத்துவர்.

அதன்பின் நரம்பு வழியாகவும் உப்பு நீர் ஏற்றினார்கள். மெல்ல நாக்கு வசத்துக்கு வந்தது. நான் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம்: "செல்வி, ஒங்க அண்ணனை வெளிய நிக்கச் சொல்லு." அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

என்னைப் போல் படுத்திருப்பவர்களின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: புரியாததைக் கேளுங்கள், நோயாளிக்காக நீங்கள் குடிக்காதீர்கள்.

முன்பு ஏலக்காய் ஏலம் முடிந்தால்தான் எனக்குப் பொழுது முடியும். இப்போது ஒரு தாகத்துக்கும் அடுத்த தாகத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பொழுது. தாகம் எடுத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. நான் டம்ளரை எடுத்தால், மச்சான் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசி மடக்கு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.