விலங்குக் கூடத்தில் ஒரு பௌர்ணமி

கீழ்பென்னாத்தூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் கீதாஞ்சலிக்கு மாடு, ஆடு பார்த்து முடிக்கவே பொழுது சரியாக இருக்கும். அதற்கு மேல், திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிலும் அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காக எலியையோ முயலையோ தொட வேண்டுமானால் அந்தக் குழு ஒப்புதல் தர வேண்டும், குழுவில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர்தான் இத்தனை எலி எதற்கு, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப்போயிருந்தது.

முதுநிலை மாணவன் வல்லரசு, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கு ஒரு மூலிகைக் களிம்பு தயாரித்திருந்தான். எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவைத்து, மயக்கம் கொடுத்து, முதுகில் சிறு காயம் உண்டாக்கி, களிம்பைப் பூசிப் பார்க்க வேண்டும். கீதாஞ்சலியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவருடைய அம்மா எல்லம்மாளுக்கு அப்படியொரு புண்ணால்தான் கால் விரல் போனது. தேவைக்கு மேல் கேட்டிருந்த எலிகளைக் குறைத்தார். தினமும் வலி மருந்து தர வேண்டும், சீழ் பிடித்து அவதிப்படும் எலியை வேதனையில்லாமல் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்.

சோதனைக்கு நடுவில் பௌர்ணமி வந்தது. விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எலிகளைப் பராமரிக்கும் சுப்பனால் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து வர முடியவில்லை. வல்லரசு பார்த்துக்கொள்வான் என்று சுப்பன் நினைத்தார். சுப்பன் வருவார் என்று நம்பி வல்லரசு ஊருக்குப் போயிருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு கீதாஞ்சலி போய்ப் பார்த்தபோது தண்ணீர்க் குப்பிகள் காலியாக இருந்தன. சில எலிகள் முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கியிருந்தன. காயத்தில் சீழ். மற்றவற்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, ஒடுங்கிக் கிடந்தவற்றைத் தானே ஊசி போட்டு முடித்தார். சோதனையைத் தொடரக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

எலிதானே டாக்டர், பையனுடைய வருஷம் போய்விடுமே என்றார் கல்லூரி முதல்வர். கீதாஞ்சலி கிளம்பி வந்துவிட்டார். மறுநாள் வல்லரசு அவருடைய கால்நடை மருந்தகத்துக்கே வந்து நின்றான்.

"களிம்பு வேலை செய்யுது மேடம். இன்னும் கொஞ்ச நாள் விடுங்க."

"செய்யலாம்ப்பா. எங்கம்மாவுக்கே நாளைக்கு அது தேவைப்படும். ஆனா அதுங்க தண்ணியில்லாம, வலி மருந்தில்லாம கெடந்துச்சே. அதுல வர்ற முடிவ நம்பி யார் கால்ல பூசுவ?"

அவன் படியிறங்கிப் போனான். தான் ஜெயித்ததாக அவருக்குத் தோன்றவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

சில மாதம் கழித்து அவன் மறுபடி விண்ணப்பித்தான். மறுபடி புதிய எலிகள். முதலில் போன உயிர்களால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அவரை அரித்தது. தான் நிறுத்தியதால்தான் இன்னும் சில போகப்போகின்றன. குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடத்தான் அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் கூட்டத்துக்குப் போனார்.

"பௌர்ணமிக்கு யார் இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"முந்தின நாளே வந்து அங்கயே தங்கிடுறேன் மேடம். சுப்பண்ணனும் கூட இருக்கறேன்னு சொல்லிட்டாரு."

கீதாஞ்சலி கையெழுத்துப் போட்டார். விலகும் பேச்சை எடுக்கவில்லை. அடுத்து வந்தது முயல்களுக்கான விண்ணப்பம். மற்றவர்கள் டீக்குக் கை நீட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.