இருபது நிமிடம்

திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம் நான் உதவியாளாக இருந்தேன். ஒன்பதாவது வரை படித்தவன். கருவிகளைக் கழுவுவது, கொதிக்க வைப்பது, பஞ்சு உருட்டுவது, நோயாளிகளின் பெயரை நோட்டில் எழுதுவது எல்லாம் என் வேலை. பெரிய டாக்டர் காலமான பிறகு அவர் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைவிட எனக்குப் பன்னிரண்டு வயது அதிகம். அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை சார் என்பேன். வருகிறவர்களுக்கு நான் கம்பவுண்டர்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பல் டாக்டர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் விழுப்புரத்தில் வகுப்பு. டாக்டரோ அவருடைய உதவியாளோ, ஒவ்வொரு கிளினிக்கிலிருந்தும் ஒருவராவது வரவேண்டும். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து, அதன்பின் சர்ட்டிபிகேட். சட்டம் ஒன்றும் இல்லை. படித்து முடித்ததோடு நின்றுவிடக்கூடாது என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. முதல் வருஷம் அதே நாளில் டாக்டரின் உறவினர் வீட்டில் ஒரு கல்யாணம். என்னைப் போகச் சொன்னார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. காலை முழுவதும் ஈறு நோய் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள். பாதி புரிந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒருவர் எழுந்து, மத்தியானம் கருவிகளைச் சுத்தம் செய்கிற முறை, ஒவ்வொருவராக மேடைக்கு வந்து செய்து காட்டவேண்டும் என்றார். நான் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டேன். நாலு பேர் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னாலே பாதியைக் கீழே கொட்டிவிடுவேன். கை கழுவப் போகிறவன்போல வெளியே வந்து, அப்படியே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குத் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். சர்ட்டிபிகேட்டில் என் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் டாக்டர், மத்தியானம் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார்.

“நாம பண்றதுதான் சார். புதுசா ஒண்ணுமில்ல” என்றேன்.

அவர் அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே மாட்டினார். உள்ளூர்க்காரர் சிலர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் பஞ்சு உருட்டுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டாவது வகுப்புக்கு டாக்டரும் வந்தார். மத்தியானப் பாடத்தை எடுத்தவர் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருந்த ஓர் அம்மா. மேடையில் கொதிகலன் பெட்டி, தட்டு நிறையக் கருவிகள். போன வருஷம் வந்தவர் யாராவது முதலில் வந்து செய்து காட்டுங்கள் என்றார். டாக்டர் கையைத் தூக்கினார்.

“எங்க அண்ணன் வருவாரு. போன வருஷமே சர்ட்டிபிகேட் வாங்கினவரு.”

என் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினார். பெருமையாகத்தான் தள்ளினார்.

கருவிகளைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடினேன். அதுவரை சரி. பத்து நிமிஷம் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா பல் பிடுங்கும் குறடு ஒன்றை நீட்டினார். கூட்டமான நாளில் கிளினிக்கில் செய்வதைப்போலவே அதையும் கழுவி அதே பெட்டியில் போட்டேன். இப்போது இருபது நிமிஷம் ஆயிற்று என்றார். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் அடுக்கினேன்.

“கடைசியா போட்ட குறடு எத்தினி நிமிஷம் கொதிச்சுது?” என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து யாரோ, “அரை வேக்காடு” என்றார். மண்டபமே சிரித்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “நடுவுல ஒண்ணு போட்டா மொத்தமும் கெட்டுப்போச்சு. முதல்லருந்து இருபது நிமிஷம் எண்ணணும். போன வருஷம் மத்தியானம் பூரா இதத்தானே சொன்னோம்?”

நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் இருந்த பக்கம் திரும்ப முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டாக்டர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். மயிலத்துக்குப் பிரியும் ரோடு வந்தது. பிறகுதான், “அண்ணே, போன வருஷம் மத்தியானம் நீங்க உள்ள இல்லியா?” என்று கேட்டார்.

“ஸ்டேஷன்ல உக்காந்துகினு இருந்தேன் சார். மேடைக்குக் கூப்புடுவாங்கன்னு பயம்.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போயி கேட்டுக்கினு வந்திருப்பேனே.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்று ராத்திரியே கிளினிக்கைத் திறந்து நோயாளிகள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் அதிகமிருந்த நாட்களின் பக்கங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எல்லாம் என் கையெழுத்து. காணை, கிளியனூர், மயிலம் என்று ஊரும் பெயருமாக இருந்தன. யார் வாயில் எந்தக் குறடு போயிற்று என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. யாருக்காவது ஏதாவது வந்ததா என்றும் தெரியாது. சரியாகக் கொதிக்காத குறட்டால் காமாலை தொற்றிப் படுத்திருந்தால்கூட அதைப் பல்லோடு சேர்த்து யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன் சர்ட்டிபிகேட்டைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். அவர் வந்ததும் சுவரைப் பார்த்தார். நேரே கை கழுவப் போனார்.

அன்று கிளியனூர் அம்மா ஒருவர் இரண்டாவது பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தார். முதல் பல்லைப் பிடுங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் கூட்டம் நெரிந்த ஒரு சந்தை நாளில். எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருக்கு முன் வந்தவருக்குப் பயன்படுத்திய குறடு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி வைத்த கம்பி ஒன்றையும் போடவேண்டி வந்ததால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

“இன்னா கம்பவுண்டரே, போன தபா ஜல்தியா முடிச்சி அனுப்பினீங்க. பஸ்ஸு பூடும்” என்றார் அந்த அம்மா.

டாக்டர்தான் சொன்னார்.

“இத்தினி நாளா நாங்க தப்பா பண்ணிக்கினு இருந்தோம்மா. நேத்துதான் சரியா கத்துக்கினு வந்தோம்.”

“நாங்க” என்றார். அந்த அம்மா வேடிக்கை என்று நினைத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். “அப்ப போன தபா எம்பல்ல கத்துக்காமலா புடுங்கினீங்க?”

டாக்டர் சிரிக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. பெட்டியின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுட்டது. கையை எடுக்கவில்லை.