நான் அழித்த கப்பிச் சத்தம்

போன செவ்வாய்க்கிழமை ரொம்பச் சுத்தமாக ஒரு வேலை செய்தேன். அதற்குத் திட்டு வாங்கினேன்!

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. படிப்பு நாலாம் கிளாஸ். காக்ஸ் டவுன் கல்யாணங்களுக்கு மைக் செட் தூக்கினவன். இன்று அதே ஏரியாவில் சொந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோ. பாட்டுக்கு நடுவே கொசு பறந்தாலும் என் காது பிடித்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான்.

சுகந்தி என்ற பாடகி ஒரு பழைய கேசட்டோடு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. சண்டையில் சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்தவள், இப்போது பிரேசர் டவுனில் இருக்கிறாள். கேசட்டில் அவள் அம்மா பாடிய தாலாட்டு. அம்மாவும் இல்லை, அந்த வீடும் இல்லை. தாலாட்டோடு தான் எழுதிய வரிகளைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் பாட வேண்டும்.

"கம்ப்யூட்டரில ஏத்தித் தாங்கோ ஐயா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் சும்மா ஏற்றுவேனா? பாட்டுக்குப் பின்னால் 'கிரீச்... கிரீச்' என்று ஒரே தொந்தரவு. மொத்தத்தையும் வழித்து எடுத்தேன். பழைய ஃபைலையும் அழித்தேன். குப்பையை எதற்கு வைத்துக்கொள்வது?

மறுநாள் வந்து பாட்டைப் போட்டுக் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, எங்கட கப்பி எங்க?"

"எந்தக் கப்பிம்மா?"

"கிணத்துக் கப்பி. அப்பா தண்ணி அள்ளுறார். அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா பாடுறா. அப்பாவின்ர குரல்கூட எங்களிட்ட இல்லை. இது மட்டும்தான்... துடைச்சுப் போட்டியள்."

டீ கொண்டுவந்த என் மனைவி விடுவாளா? "காது காதுன்னு பீத்திக்கிட்டீங்களே, இதுதான் அந்தக் காதா?"

கேசட்டை மறுபடி ஓட்டுவதுதான் ஒரே வழி. ஆனால் டேப் முதல் தடவையே அறுந்து, ஒட்டுப் போட்டுத்தான் ஓடியது.

"அறுந்தா அவ்வளவுதாம்மா."

கேசட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "போடுங்கோ" என்றாள்.

டேப் சிக்காமல் இருக்க, அது சுருளும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன். நாலு நிமிஷம். முழுசாக வந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் அறுந்தது.

ஞாயிறன்று ஹாலில் தபலா இல்லை, டிரம்ஸ் இல்லை. கப்பிதான் தாளம். அதன் மேல் அம்மா பாட, அம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல மகள் பாடினாள். ஊரை விட்டு ஓடுகிறவர்கள் நகையையும் பத்திரத்தையும்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இதையும் தூக்கி வருகிறார்கள். அதிலிருந்து புதுசாக ஒன்று கட்டியும் விடுகிறார்கள்!

"ஐயாவுக்கு நன்றி" என்றாள் மேடையில். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன்.

எனக்கு எதற்கு நன்றி? அவள் அப்பாவை அழித்தவன் கையிலேயே மறுபடி அந்த டேப்பைக் கொடுத்தாளே... அவளுக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.