சட்டத்துக்குள் இருந்த அம்மா

பழைய சாமான்களை வாங்கிப் புதுப்பித்து வீட்டை அழகுபடுத்துவது என் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு, ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாகப் போகும் பழைய சாமான் கடையில், தேக்குச் சட்டம் போட்ட ஒரு படம் வாங்கினேன். உள்ளே யாரோ ஓர் அம்மா. கண்ணாடியின் மேல், அவர் நெற்றிக்கு நேராகக் காய்ந்துபோன குங்குமம். இறந்தவர் படம் என்று தெரிந்தேதான் அதை மட்டும் உருவிக் குப்பையில் போட்டேன். சட்டத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்து, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தி, கூடத்தில் மாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். வீடு மாறும்போது அந்தப் பெண்ணின் தம்பி அந்தப் படத்தையும் தெரியாமல் கடையில் போட்டுவிட்டாராம்.

"அக்கா, எங்கம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான் லா. ஃபிரேம நீங்களே வச்சிக்குங்க, படம் மட்டும் போதும்."

சுவரைக் காட்டினேன். அவர் கிட்டே போய் நின்று பார்த்தார். அவர் முகம்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் சட்டம் வாங்கினால், உள்ளிருக்கும் படத்தின் பின்னால் கடையின் பெயரை எழுதி அலமாரியில் பத்திரமாக வைக்கிறேன். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை.